ராத்திரி பத்து மணிக்கு உங்க சீலிங் ஏன் சுடுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும் திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ஒருத்தர் அவசரமா பதில் கேட்டிருக்காங்க.

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. 1982-ல் அவங்க தாத்தா கட்டின வீடு. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு, மேல் மாடியில் இவங்களும் அப்பாவும் இருக்காங்க. அப்பாவுக்கு 71 வயது, பைபாஸ் ஆனவர். ஏசி அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை, போட்டால் இருமல் வந்துவிடுகிறது. கோடையில் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறாராம். ஒரு கான்ட்ராக்டர் தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்கிறார். இன்னொருத்தர் மேலே கூல் டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார். கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். எதைச் செய்யறது?

பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறதுதான் என் பிழைப்பு. அதனால் சுருக்கமா பதிலை முதலிலேயே சொல்லிடுறேன். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். டைல்ஸை இந்த வருஷமே ஒட்டணும்னு அவசரமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிங்க. மிச்சப் பணத்தைப் பத்திரமா வைங்க, அது எதுக்குன்னு பிறகு சொல்றேன்.

முதலில் சூரியன். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கு. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும், உச்சி வேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆட்கள் கொண்டாடுவாங்களே, அதுதான். அந்த நாட்களில் மட்டுமில்லை, கோடை முழுக்கவே மதிய வெயில் சுவரில் அதிகம் படுவதில்லை. அவ்வளவும் மொட்டை மாடியில்தான் இறங்குகிறது.

எவ்வளவு இறங்குது? தெளிந்த வானத்தில், உச்சி வெயிலில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். 600 சதுர அடி மாடி என்றால் சுமார் 56 சதுர மீட்டர். ஆக 56,000 வாட். ஒன்றரை டன் ஏசி ஒரு அறையிலிருந்து வெளியேற்றுகிற வெப்பம் 5,000 வாட் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்க, பத்து ஏசி முழு வேகத்தில் ஓடினால் வெளியேற்றுகிற அளவு வெப்பம் உங்க தலைக்கு மேல் வந்து விழுது. அத்தனையும் வீட்டுக்குள்ளே வராது. ஆனால் பாசி படிந்து கறுத்துப்போன பழைய சிமென்ட் தளம், விழுகிறதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். மதியம் செருப்பில்லாமல் மாடியில் துணி எடுக்கப் போனவங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

இங்கேதான் பலர் குழம்புறாங்க. வெயில் ஆறு மணிக்கு இறங்கிடுச்சே, பிறகு ஏன் பத்து மணிக்கு வீடு கொதிக்குது? கான்கிரீட் வெப்பத்தைத் தடுக்கிற பொருள் இல்லை, சேர்த்து வைக்கிற பொருள். நம்ம ஊர்ப் பழைய வீட்டில் ஐந்து அங்குல ஆர்.சி.சி. தளம் இருக்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூணு நாலு அங்குலத் தளம், அதன் மேல் தட்டோடு. மேல்பக்கம் மதியம் உச்சத்தில் சூடானால், அந்தச் சூடு கீழ்ப்பக்கம் வந்து சேர ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதாவது நீங்க சாப்பிட்டுவிட்டு பாய் போடுகிற நேரத்தில்தான் மதிய வெயில் உங்க அறைக்குள்ளே வந்து சேருது.

இன்றைக்கு ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தால், உங்க தோலைவிட சீலிங் சூடாக இருக்குன்னு அர்த்தம். தோலின் சூடு சுமார் 33, 34 டிகிரி. அதைவிடச் சூடான பரப்பு எதுவாக இருந்தாலும், இடையில் இருக்கிற காற்றைப் பற்றிக் கவலைப்படாமல், அடுப்புத் தணல் மாதிரி நேராக உங்க மேல் வெப்பத்தை வீசும். அதனால்தான் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் ஆறுதல் இல்லை. மேலே தேங்கி நிற்கிற சூட்டுக்காற்றை ஃபேன் எடுத்துக் கட்டிலுக்குக் கொண்டு வந்து கொட்டுது, அவ்வளவுதான்.

வயதானவங்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை. பகலில் ஏறின உடம்புச் சூடு ராத்திரியில் இறங்கணும். இறங்காமல் நாலைந்து நாள் போனால் இதயம் ஓயாமல் கூடுதலாக வேலை செய்யுது. இன்னொன்று, இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் சில, குறிப்பாக உடம்பில் இருக்கிற நீரை வெளியேற்றுகிற வகை, வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். கோடைக்கு முன்னாடி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க, நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் பட்டியலில் சேர்த்தது. பேரிடர்னு சொன்னால் நமக்கு வெள்ளமும் புயலும்தான் கண்ணில் வரும். வில்லிவாக்கத்து வராண்டாவில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருக்கிறவரும் அந்தக் கணக்கில்தான் வர்றார்.

சரி, ஃபால்ஸ் சீலிங் ஏன் வேண்டாம்?

அது வேலையே செய்யாதுன்னு சொல்லமாட்டேன். சூடான தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு திரை வருது. நேராக வீசுகிற வெப்பம் குறையும். ஆனால் தளம் பழையபடி முழுச் சூட்டையும் குடிச்சுட்டுத்தான் நிற்கும். நடுவில் அடைபட்ட காற்று விடியவிடிய சூடாகவே இருக்கும், போக வழியில்லை. அறை உயரம் ஓர் அடி குறையும். தெர்மாகோல் தீயைப் பிடிச்சால் கரும்புகையோடு எரியும். சீலிங்கில் பழைய வயரிங் ஓடுகிற வீட்டில் அதைத் தலைக்கு மேல் ஒட்டி வைக்க எனக்கு மனசு வராது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேற. நாற்பது வருஷம் ஆன தளத்தில் எங்காவது ஓதம் இருக்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, கீழ்ப்பக்கப் பூச்சைத் தள்ளும். முதலில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் பூச்சு பெயர்ந்து விழும். இந்த விரிசலும் கறையும்தான் வீடு உங்ககிட்ட பேசுகிற பாஷை. ஃபால்ஸ் சீலிங் போட்டால் அதைக் கேட்கிற வழியை மூடிடுறீங்க. போன வருஷம் நான் பிரித்த ஒரு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, தளத்திலிருந்து விழுந்த காரை ஒரு கூடை அளவுக்குக் குவிஞ்சு கிடந்தது. கீழே தொட்டில் கட்டியிருந்தாங்க.

பழங்காலத்து ஆட்கள் இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு ஒரு சின்ன சுற்று போய் வரலாம், எனக்குப் பிடிச்ச பகுதி இது. மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் நூறு வருஷ வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரையைப் பார்க்கலாம். தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்கே சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக நிறுத்தி, கோணவாக்கில் அடுக்கிக்கொண்டே போவாங்க. அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவாங்க. மொத்தத்தில் கனமான கூரைதான், ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் கான்கிரீட்டைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். தவிர, சீலிங் பன்னிரண்டு பதினாலு அடி உயரத்தில் இருக்கும். சூட்டுக்காற்று மேலே போய்த் தங்க இடம் இருந்தது. வெளியேற, கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் இருந்தது.

ஓட்டு வீட்டில் தர்க்கம் வேற. ஓடு மெல்லிசு. பகலில் சீக்கிரம் சுடும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிடும். ஓட்டுக்கு ஓடு இருக்கிற இடுக்கு வழியாகச் சூட்டுக்காற்று கசிஞ்சு போய்க்கிட்டே இருக்கும். சில வீடுகளில் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மச்சு வைத்திருப்பாங்க. அந்த மச்சுதான் வெயிலை வாங்கிக்கொள்கிற இடம், நாம் அதற்குக் கீழே. இப்போது அந்த மாதிரி வீட்டை வாங்குகிற நம்ம வயசு ஆட்கள் முதலில் செய்கிற காரியம், தூசி வருது, எலி வருதுன்னு எல்லா ஓட்டையையும் அடைக்கிறது. அடைக்காதீங்க. இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் உயரத்தில் துவாரம் விட்டு, அதில் கம்பி வலை அடிங்க. எலியும் அணிலும் வராது, காற்று போகும். ஓட்டுக்குக் கீழே பளபளக்கிற ஃபாயில் ஷீட் கட்டுறதாக இருந்தால், பளபளப்பு காற்று இடைவெளியைப் பார்க்கிற மாதிரி, குறைந்தது ஓர் அங்குல இடைவெளி விட்டுக் கட்டணும். எதன் மீதாவது ஒட்டிப் படிஞ்சிருக்கிற ஃபாயில் வெறும் உலோகத் தகடுதான், அது சூட்டைக் கடத்தும்.

இப்ப வில்லிவாக்கத்துக்குத் திரும்பலாம். ஏன் சுண்ணாம்பு?

வந்த வெப்பத்தை உள்ளே தடுக்கிறதைவிட, வெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்புறது மலிவு. புதுசா அடிச்ச வெள்ளைப் பரப்பு, விழுகிற வெயிலில் பெரும்பங்கைத் திருப்பிடும். நீர்த்த சுண்ணாம்பு, கூடவே கொஞ்சம் வெள்ளை சிமென்ட், பிடிப்புக்கு ஃபெவிகால். முதலில் பாசியைத் தேய்த்துக் கழுவி நல்லா காய விடுங்க. அதிகாலையிலோ சாயங்காலமோ இரண்டு கோட்டு அடிங்க. கல் சுண்ணாம்பை வீட்டில் நீர்க்க வைக்கிறதாக இருந்தால் ஜாக்கிரதை, அது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடுங்க. இந்தச் சுண்ணாம்பு ஒரு மழைக்காலம் வரைக்கும்தான் நிற்கும். பரவாயில்லை, அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்கலாம். பணம் இருந்தால் கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்கிறதை அடிங்க, சில வருஷம் தாங்கும். ஆனால் எந்த வெள்ளையும் சென்னைத் தூசியில் ஒரே வருஷத்தில் மங்கிடும். கோடைக்கு முன்னாடி துடைப்பமும் தண்ணீரும் போட்டு மாடியைத் தேய்க்கிறது, புது டப்பா பெயின்ட் வாங்குறதுக்குப் பாதி சமம்.

வெள்ளைக்குப் பதிலா அலுமினியம் பெயின்ட் அடிக்கலாமான்னு கேட்பாங்க. அலுமினியமும் வெயிலைத் திருப்பும். ஆனால் உறிஞ்சின சூட்டை ராத்திரி வானத்தைப் பார்த்து வெளியே விடுறதில் வெள்ளைப் பெயின்ட் கெட்டி, பளபளக்கிற உலோகம் மந்தம். அதனால் வெள்ளையே போதும். பக்கத்து வீட்டு மாடிக்காரங்களுக்குக் கண் கூசும். ஒரு நாள் பலகாரம் கொடுத்துச் சமாளிங்க.

கூல் டைல்ஸும் இதே வேலையைத்தான் செய்யுது, அதிக நாள் செய்யும், கழுவவும் சுலபம். பிறகு ஏன் அவசரமில்லைன்னு சொன்னேன்? பழைய தளத்தின் மேல் ஒட்டுறதுதான் பிரச்சனை. 1982-ல் போட்ட சுண்ணாம்புத் தளம், தொண்ணூறுகளில் ஒழுகினதுக்குப் போட்ட சிமென்ட் பூச்சு, பிறகு ஏதோ தார் ஷீட், இப்போ டைல்ஸ். நாலு அங்குல ஜல்லித் தளமே சதுர மீட்டருக்கு 170, 180 கிலோ வரும். மேலே இரண்டு அங்குல சிமென்ட் போட்டால் இன்னும் 100 கிலோ. துருப்பிடித்த கம்பி இந்தப் பாரத்தைச் சுமந்துக்கிட்டு நிற்குது. அதோடு, ஒழுகுகிற தளத்தை டைல்ஸால் மூடினால், தண்ணீர் உள்ளே நுழைகிற இடம் ஓர் இடம், கீழே சொட்டுகிற இடம் வேற இடம்னு ஆகிடும். பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

அந்த மிச்சப் பணம் இதுக்குத்தான். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு நல்ல ஆளை வைத்து, சுத்தியால் தட்டிப் பாருங்க. பொத்தல் சத்தம் வருகிற பழைய தளத்தை, முடிஞ்சால் முழுசாகவே, எடுத்துடுங்க. கம்பி, விரிசல், வாட்டம் எல்லாம் சரி பண்ணி, நீர்த்தடுப்பு அடித்து, அதன் மேல் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு பரப்பி, மேலே வாட்டத்தோடு மெல்லிய சிமென்ட் தளம், அதன் மேல் வெள்ளை டைல்ஸ். எக்ஸ்பிஎஸ்ஸுக்கு எடையே கிடையாது. ஆனால் அந்த இரண்டு அங்குலம் தடுக்கிற வெப்பத்தை வெறும் கான்கிரீட்டால் தடுக்கணும்னா, எட்டடிக்கு மேல் தடிமன் வேணும். பழைய ஜல்லித் தளத்தை எடுத்ததால் மொத்த பாரமும் கூடாது. மத்திய அரசு 2018-ல் கொண்டு வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்கிற விதித் தொகுப்பு, புதுக் குடியிருப்புகளின் கூரை வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக்கூடாதுன்னு சொல்லுது. வெறும் ஆர்.சி.சி. தளத்தில் அது மூணுக்கு மேல். நம்ம எண்பதுகளின் வீடுகளை எந்த விதியும் கேள்வி கேட்கலை.

ஒன்றை மறக்கக்கூடாது. மேலே தடுப்பு போட்ட வீடு, வெளியிலிருந்து வருகிற சூட்டை மட்டுமில்லை, உள்ளிருந்து போகிற சூட்டையும் தடுக்கும். அடுப்பு, ஃபிரிட்ஜ், டிவி, நாலு மனுஷ உடம்பு, இதெல்லாம் ராத்திரியும் சூடு விட்டுக்கிட்டே இருக்கும். கூரை வழி அடைஞ்சால் அதுக்கு வேற வழி வேணும். கொசு வருதுன்னு அட்டை வைத்து மூடின வெண்டிலேட்டரைத் திறந்து வலை அடிங்க. ஒரு ஜன்னலுக்கு மேலே உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைங்க. இன்னொரு நல்ல புகைபோக்கி உங்க வீட்டிலேயே இருக்கு, மாடிப்படிதான். மேலே ஹெட்ரூம் கதவுக்குப் பதில் ராத்திரிக்கு இரும்புக் கிராதிக் கதவை மட்டும் பூட்டி, படிக்கட்டுப் பக்க வாசலைத் திறந்து வைத்தால், சூட்டுக்காற்று தானாக ஏறி வெளியே போகும். கீழ் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். பகலில் இதற்கு நேர் எதிர், காலை ஒன்பதுக்கெல்லாம் எல்லாவற்றையும் சாத்தித் திரையை இழுத்துடுங்க. கடல் காற்று வந்த பிறகு கிழக்குப் பக்கம் திறக்கலாம்.

மாடியில் ஷீட் போட்ட ரூமில் வாடகைக்கு இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் துளை போடாதீங்க, காய்ஞ்ச நிலையில் தேய்க்காதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். ஷீட்டுக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு பச்சை வலையோ கீற்றோ பந்தலாகக் கட்டினால், வெயில் பந்தலோடு நின்னுடும், இடையில் ஓடுகிற காற்று சூட்டை எடுத்துட்டுப் போயிடும். கீற்றென்றால் தீ பயம் உண்டு, வலை நல்லது. உயர்த்தி வைத்த சோலார் பேனலும் இதே மாதிரி நிழல்தான், கூடவே கரன்டும் தரும்.

இனி யார் செலவு பண்றது என்கிற சண்டை. அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் மேல் மாடிக்காரர் வாய் திறந்தால், "அது உங்க ஃப்ளோர் பிரச்சனை சார்"னு முடிச்சுடுறாங்க. இது நியாயமே இல்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, வடாம் காயப்போட எல்லோரும் வர்றாங்க. மேல் மாடிக்காரர் கூரை போட்டுக்கலை, எல்லோருக்கும் குடை பிடிச்சுட்டு நிற்கிறார். சங்கத்தில் பேசும்போது சூட்டைப் பற்றிப் பேசாதீங்க, ஆயுளைப் பற்றிப் பேசுங்க. தினமும் அறுபது டிகிரி வரைக்கும் சூடாகி ராத்திரி சுருங்குகிற தளம் விரிசல் விடும், நீர்த்தடுப்பு சீக்கிரம் போகும், பிறகு செலவு எல்லோர் தலையிலும். வாடகை வீட்டிலும் ஓனரிடம் இதையே சொல்லுங்க. கரன்ட் பில் குறையறது உங்களுக்கு லாபம், தளம் நிலைக்கிறது அவருக்கு லாபம். சுண்ணாம்பு என் செலவு, அனுமதி மட்டும் கொடுங்கன்னு கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டாங்க. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃபுக்குன்னே ஒரு கொள்கை வெளியிட்டது. அந்த மாதிரி எதுவும் வரும்வரைக்கும் நம்ம மாடிக்கு நாமதான் வாளி தூக்கணும்.

அடுத்த எபிசோடில் மேற்கு பார்த்த ஜன்னல். கேள்வி அனுப்புறவங்க கட்டடம் எந்த வருஷம் கட்டினது, மேலே என்ன தளம், சீலிங்கில் கறையோ விரிசலோ இருக்கான்னு மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்குச் சீலிங்கில் கை வைத்துப் பார்த்தீங்களா, அதையும்.